சிறிய படகு இன்ஜினின் ஐடிலிங்கைச் சரியாக வைப்பது எப்படி? மதுரைப் பக்கத்துக் கண்மாய்களுக்கும் அணைக்கும் ஏற்ற முழு வழிகாட்டி

கடலோரத்தில் படகு இன்ஜின் தினமும் ஓடும். மதுரைப் பக்கத்து இன்ஜினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெள்ள மீட்புக்கென்று வாங்கிய ரப்பர் படகோ, மீன் குத்தகைக்காரர் கண்மாயில் விடும் சின்னப் படகோ, எதுவானாலும் பங்குனி, சித்திரை, வைகாசி என்று வெயில் காலம் முழுக்க அதன் இன்ஜின் கொட்டகையில்தான் கிடக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறியதும் எடுத்து மாட்டுவார்கள். கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். முறுக்கினால் ஓடும். கையை எடுத்தால் அணைந்துவிடும். உடனே ஒருவர் திருப்புளியை எடுத்து ஐடில் ஸ்க்ரூவை, அதாவது கையை எடுத்த பிறகும் இன்ஜின் மெதுவாக ஓடும் வேகத்தை வைக்கும் திருகை, உள்ளே திருகுவார். இன்ஜின் அணையாமல் நிற்கும். வேலை முடிந்தது என்று மூடியைப் போட்டு மூடிவிடுவார்கள்.

ஆனால் அங்கே முடிந்தது எதுவும் இல்லை. அழுக்கடைத்த கார்புரேட்டரை ஸ்க்ரூவைத் திருகி மறைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஐடில் ஸ்க்ரூ கடைசியாகத் தொட வேண்டிய இடம். தொடும்போதும் இன்ஜின் நன்றாகச் சூடேறி, படகில் மாட்டப்பட்டு, நிஜமான தண்ணீரில், கியர் போட்ட நிலையில் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் மற்ற எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்கான விளக்கம்தான்.

இங்கே சொல்வது கார்புரேட்டர் வைத்த, சுமார் 2 முதல் 15 குதிரைத்திறன் வரையிலான பெட்ரோல் அவுட்போர்டு, அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் இன்ஜின்களுக்கு. யமஹா, சுசுகி, டோஹாட்சு, மெர்க்குரி எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். ராமநாதபுரம் கடற்கரையில் வள்ளங்களில் மாட்டும் டீசல் லாங்டெயிலுக்கு இது பொருந்தாது. அதில் கார்புரேட்டரே கிடையாது, கவர்னர்தான் வேகத்தைப் பிடித்து வைக்கிறது. எலக்ட்ரானிக் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் இன்ஜினிலும் ஸ்க்ரூவைத் தேடாதீர்கள். அதன் ஐடிலைக் கம்ப்யூட்டரே கவனித்துக்கொள்கிறது.

ஸ்லோ ஸ்பீடுக்கு ஏன் இவ்வளவு அக்கறை

2024 அக்டோபரில் பெய்த பெருமழையில் செல்லூர் கண்மாய்ப் பக்கம் தெருக்களுக்குள் தண்ணீர் வந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு தெருவுக்குள் ரப்பர் படகு போகும்போது இன்ஜின் முழு வேகத்தில் ஓடப்போவதில்லை. ஒரு வீட்டு வாசலில் நின்று, வயதானவரைக் கைபிடித்து ஏற்றி, பின்னால் எடுத்து, அடுத்த வாசலுக்குப் போக வேண்டும். முழுக்க முழுக்க ஐடிலில் நடக்கும் வேலை இது. ஐடில் குறைவாக இருந்தால் கியர் போட்டதும் இன்ஜின் அணையும், நீரோட்டத்தில் படகு சுவரில் போய் மோதும். கூடுதலாக இருந்தால் கியர் 'டங்' என்று விழுந்து படகு முன்னால் பாயும், ஏறிக்கொண்டிருப்பவர் தண்ணீரில் விழுவார். கியர்பாக்ஸுக்குள் கியரைப் பிணைக்கும் டாக் கிளட்சின் பற்களும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். ஒருநாள் கியர் போட்டாலும் நழுவத் தொடங்கும்.

எவ்வளவு ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வைப்பது? உங்கள் இன்ஜினின் கையேட்டில் இருக்கும், சிலவற்றில் மூடிக்குள் ஒட்டிய ஸ்டிக்கரிலும் இருக்கும். சிறிய இன்ஜின்கள் பலவற்றுக்கு 700-லிருந்து 1,300-க்குள் வரும். நியூட்ரலில் ஒரு எண், கியரில் அதைவிடக் குறைந்த இன்னோர் எண் என்று இரண்டு கொடுத்திருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கியர் மாற்றும் வசதி இல்லாமல், வேகம் கூடினால் தானாகப் பிடிக்கும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் வைத்த குட்டி இன்ஜின்களில் ஐடில் இதைவிடக் கூடுதல். அடுத்தவர் இன்ஜினின் எண்ணை உங்களுடையதற்கு வைக்காதீர்கள்.

ஆர்பிஎம் பார்க்க ப்ளக் வயரில் ஒரு வயரைச் சுற்றிப் படிக்கும் சின்ன டேக்கோமீட்டர் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை ஸ்பார்க் வரும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை போதும் என்றாலும், சிறிய இன்ஜின்கள் பலவற்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்பார்க் வரும்படிதான் வைத்திருக்கிறார்கள். மீட்டரின் செட்டிங் தவறினால் எண் இரண்டு மடங்காகவோ பாதியாகவோ காட்டும். காதுக்கு மெதுவாகக் கேட்கும் இன்ஜினுக்கு மீட்டர் 2,000 காட்டினால் முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள்.

ஸ்க்ரூவுக்குப் போகும் முன்

இந்த இடத்தில்தான் பெரும்பாலான இன்ஜின்கள் சரியாகிவிடுகின்றன. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பெட்ரோலிலிருந்து தொடங்குங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. மாதக்கணக்கில் கேனில் கிடந்தால், அதிலும் மழைக்காலத்தில், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். இன்ஜினின் குழாய் அடியிலிருந்துதான் உறிஞ்சும். அதனால் போன பருவத்துப் பெட்ரோலை வைத்து ஐடில் பார்க்கவே கூடாது. புதுசாக இரண்டு லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் இளக்கும். விரலால் அழுத்திப் பார்த்து, பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஆயில். டி.வி.எஸ். 50-யும் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்குகளும் பழகிய கைகள் இந்த ஊரில் நிறைய. அந்த அனுபவம் பெரிய சொத்து, கார்புரேட்டரின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் பைக்குக்கு ஊற்றும் 2டி ஆயிலைப் படகு இன்ஜினுக்கு ஊற்றாதீர்கள். பைக் இன்ஜின் காற்றில் குளிர்வது. அவுட்போர்டு தண்ணீரில் குளிர்வதால் அதைவிடக் குறைந்த சூட்டில் ஓடும். பைக் ஆயிலில் இருக்கும் சாம்பல் தரும் சேர்மானங்கள் இதில் கரியாகப் படியும். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும் ஆயிலை வாங்குங்கள். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 கேட்கும் பழைய இன்ஜின் என்றால் 40 மில்லி. 'கொஞ்சம் கூட ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லதுதானே' என்று கை தாராளம் காட்டினால் ஐடில் கெடும். ஆயில் கூடும் அளவுக்கு அதே ஜெட் துளையில் போகும் பெட்ரோல் குறைகிறது, ப்ளக்கிலும் கரி பிடிக்கிறது.

டேங்க் மூடியின் மேல் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? இது மூடியிருந்தால் இன்ஜின் சில நிமிடம் நன்றாக ஓடி, பிறகு பெட்ரோல் வராமல் அணையும். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியும் தீராத தொல்லை கடைசியில் இந்தத் திருகில் தீர்ந்த கதைகள் பட்டறைகளில் நிறைய உண்டு. குழாயில் இருக்கும் பம்ப் பல்பை அமுக்கினால் கல்லுப்போல் இறுக வேண்டும். இறுகாமல் சொதசொதவென்று இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது.

ப்ளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக, கன்னங்கரேலென்று இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஸ்பார்க் பலவீனம். வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம். இள பழுப்பு நிறம் நல்லது. ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், கொஞ்ச நேரமே ஓடிய இன்ஜினின் ப்ளக் பொய் சொல்லும். இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்யுங்கள். புது ப்ளக்கின் விலை குறைவு, சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. இரண்டு சிலிண்டர் இன்ஜின் என்றால் கம்ப்ரெஷனையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எந்த ஸ்க்ரூவாலும் ஐடில் சீராகாது.

இனி கார்புரேட்டர். ஐடிலில் ஓடும்போது பெட்ரோல் வருவது பைலட் ஜெட் என்ற மிக மெல்லிய துளை வழியாக. பெட்ரோல் காய்ந்து பிசின்போல் ஆனால் முதலில் அடைபடுவது அதுதான். முறுக்கினால் ஓடுகிறது, விட்டால் அணைகிறது என்பதற்குக் காரணமும் இதுவே. மெயின் ஜெட் பெரியது, அதில் எரிபொருள் தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். சோக்கைப் பாதி இழுத்தால் மட்டும் ஐடிலில் நிற்கிறது என்றால் பைலட் வழி அடைத்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். ஜெட்டுக்குள் இரும்புக் கம்பியை நுழைக்காதீர்கள். பித்தளை கீறினால் துளை பெரிதாகிவிடும், பிறகு ஜெட்டையே மாற்ற வேண்டும். தூண்டில் நரம்பின் ஒற்றை இழை போதும். திரும்ப மாட்டும்போது கேஸ்கெட்டைப் புதுசாகப் போடுங்கள். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் காற்று கசிந்தால் ஐடில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக த்ராட்டில் கேபிள். கைப்பிடியை முழுக்க 'ஸ்லோ'வுக்குக் கொண்டுபோனால் கார்புரேட்டரில் இருக்கும் த்ராட்டில் கை ஐடில் ஸ்க்ரூவின் முனையில் போய் உட்கார வேண்டும். கேபிள் இழுத்துப் பிடித்திருந்தால் அது ஸ்க்ரூவைத் தொடவே தொடாது. நீங்கள் எவ்வளவு திருகினாலும் ஒன்றும் மாறாது. கைப்பிடியை இடதும் வலதுமாகத் திருப்பியும் பாருங்கள். திருப்பும்போது வேகம் கூடினால் கேபிளில் தளர்வு போதவில்லை.

இரண்டு ஸ்க்ரூ, இரண்டு வேலை

கார்புரேட்டரின் பக்கத்தில் ஸ்பிரிங் சுற்றிய இரண்டு ஸ்க்ரூக்கள் இருக்கும். ஒன்று த்ராட்டில் கையைத் தாங்கி நிற்கும். இது ஐடில் ஸ்பீடு ஸ்க்ரூ. உள்ளே திருகினால் த்ராட்டில் தகடு கொஞ்சம் திறந்து வேகம் கூடும். இதில் குழப்பம் எதுவும் இல்லை.

குழப்பம் மற்றொன்றில். கார்புரேட்டர் உடம்புக்குள்ளேயே போகும் பைலட் ஸ்க்ரூ அது, கலவையைத் தீர்மானிப்பது. சில கார்புரேட்டர்களில் இது காற்றை அளக்கும், சிலவற்றில் பெட்ரோல் கலவையை அளக்கும். காற்றை அளப்பது என்றால் உள்ளே திருகும்போது காற்று குறைந்து கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகும். பெட்ரோலை அளப்பது என்றால் அதற்கு நேர் எதிராக, உள்ளே திருகத் திருக லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும். பொதுவான அடையாளம் ஒன்று உண்டு. த்ராட்டில் தகட்டுக்கு முன்னால், காற்று நுழையும் வாய்ப் பக்கம் ஸ்க்ரூ இருந்தால் காற்று. தகட்டுக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல். ஆனாலும் கையேட்டில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இது தெரியாமல் திருகுவது ஆபத்து. டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது. கலவை லீன் ஆனால் சூடு கூடும், அதே நேரத்தில் பிஸ்டனுக்குக் கிடைக்கும் ஆயிலும் குறையும்.

ஸ்க்ரூவைத் தொடும் முன் இப்போது அது எங்கே நிற்கிறது என்று எழுதிவையுங்கள். மெதுவாக உள்ளே திருகி, முனை தொட்டதும் நிறுத்தி, எத்தனை சுற்று போனது என்று எண்ணுங்கள். இறுக்காதீர்கள். முனை ஊசிபோல் மெல்லியது. அழுத்தினால் அதில் வளையம் விழும், இருக்கையும் விரியும், பிறகு கார்புரேட்டரில் கலவை ஒருபோதும் நிலையாக நிற்காது. எண்ணி முடித்ததும் கையேட்டில் சொன்ன அளவுக்கு வெளியே எடுங்கள். பல இன்ஜின்களுக்குத் தொடக்கம் ஒன்றரைச் சுற்று வெளியே என்ற அளவில் இருக்கும். ஸ்டார்ட் செய்ய இது போதும், முடிவான அளவு தண்ணீரில்தான் கிடைக்கும்.

பல ஃபோர்-ஸ்ட்ரோக்குகளில் இந்த ஸ்க்ரூவின் மேல் ஒரு மூடி அடித்திருப்பார்கள், அல்லது கொஞ்சமே திரும்பும்படி தடுப்பு வைத்திருப்பார்கள். புகை விதிகளுக்காகத் தொழிற்சாலையிலேயே அளந்து மூடியது அது. அதை உடைத்துத் திறக்காதீர்கள். அந்த இன்ஜினில் ஐடில் சரியில்லை என்றால் அடைப்பு, காற்றுக் கசிவு, வால்வு இடைவெளி, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

டிரம்மில் எதுவரை போகலாம்

மதுரைக்காரருக்குத் தண்ணீர் பக்கத்தில் இல்லை. அதனால் பட்டறை வாசலில் 200 லிட்டர் டிரம்மில் இன்ஜினை நிறுத்தி ஓட்டுவது வழக்கம். தவறில்லை. ஸ்டார்ட் ஆகிறதா, குளிர்க்கும் தண்ணீர் வருகிறதா, பெட்ரோல் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க டிரம் போதும். ஆனால் முதலில் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் கியர்பாக்ஸுக்கு மேலே இருக்கும் தட்டையான தகட்டைத் தாண்டி நிற்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். தண்ணீர்ப் பம்பில் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் உலர்ந்து சுற்றினால் உடனே கிழியும். ஸ்டார்ட் ஆனதும் பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

ஐடிலை இங்கே முடிவு செய்யக் கூடாததற்குக் காரணங்கள் உண்டு. டிரம்மில் புரொப்பெல்லர் இல்லை, அதனால் சுமையும் இல்லை. பைக்கை ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் ஐடில் வைக்கிற பழக்கம் இங்கே உதவாது. படகில் கியர் போட்டதும் புரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளத் தொடங்கும், ஆர்பிஎம் விழும். நியூட்ரலில் அழகாக ஓடியது கியரில் அணையும். அது மட்டுமில்லை. டிரம்மில் புகை வெளியே போக இடமில்லாமல் மேலே சுழன்று, இன்ஜின் தன் புகையையே திரும்ப இழுக்கும். தண்ணீரும் கொஞ்ச நேரத்தில் நுரைத்து, சுட ஆரம்பிக்கும். அந்த நிலையில் வைத்த கலவை கண்மாயில் சரியாக இருக்காது. இன்னொன்று, கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனை தராது, கண்ணுக்கும் தெரியாது.

தண்ணீரில் வைப்பது

எங்கே போவது? கண்மாய் என்றால் அதை வைத்திருக்கும் துறையிடமோ ஊராட்சியிடமோ, மீன் குத்தகைக்காரரிடமோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வைகை அணையில் அனுமதி இல்லாமல் இன்ஜின் படகை இறக்க வேண்டாம். தெப்பக்குளம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, தண்ணீரும் அசையாமல் நிற்கிறது என்று அங்கே யோசிக்காதீர்கள். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய கோயில் குளம் அது. நமக்குத் தேவை, புரொப்பெல்லர் தரையைத் தொடாத ஆழமும் பாசி இல்லாத இடமும்தான். ஆகாயத்தாமரையும் வேலம்பாசியும் மண்டிய கண்மாயில் நல்ல இடம் தேடிப் பிடியுங்கள். பாசி சுற்றிய புரொப்பெல்லரோடு ஐடில் வைத்தால், அதை எடுத்த பிறகு வேகம் எகிறிவிடும். தண்ணீர் உறிஞ்சும் சல்லடையையும் பாசி அடைக்கும்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இன்ஜினிடம், ஒருவர் கைப்பிடியிலும் கியரிலும். இரண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். இழுத்தால் இன்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்ச் கயிற்றைக் கைப்பிடியில் இருப்பவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். படகை முன்னும் பின்னும் கயிறு கட்டிக் கரையிலோ உறுதியான கட்டையிலோ நிறுத்துங்கள், கியர் போட்டால் ஓடிவிடக் கூடாது. மூடி கழற்றிய இன்ஜினில் ஃப்ளைவீல் வெளியே சுற்றும். கழுத்தில் துண்டு, தொங்கும் வேட்டி, தளர்ந்த சட்டைக் கை எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது.

ஸ்டார்ட் செய்து, சோக்கை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, 10 நிமிடம் ஓட்டுங்கள். இடையிடையே பாதி வேகம் கொடுத்தால் சீக்கிரம் சூடேறும். குளிர்ந்த இன்ஜின் கூடுதல் பெட்ரோல் கேட்கும். அந்த நேரத்தில் கலவை வைத்தால், சூடேறியதும் ரிச்சாகத் திணறும்.

சூடேறிய பின் கியரை ஃபார்வர்டில் போட்டு, த்ராட்டிலை முழுக்க இறக்குங்கள். அணைந்தால் ஐடில் ஸ்பீடு ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகி, நிற்கும் அளவுக்கு ஏற்றுங்கள். இப்போது பைலட் ஸ்க்ரூவைத் தொடலாம். லீன் ஆகும் திசையில் எட்டில் ஒரு பங்குச் சுற்று. திருகியதும் கையை எடுத்துவிட்டு, 10 முதல் 15 வினாடி காத்திருங்கள். இந்தப் பொறுமை இருந்தால் பாதி வேலை முடிந்தது. கிரான்க் கேஸில் ஏற்கெனவே இருக்கும் கலவை எரிந்து தீர்ந்த பிறகுதான் உங்கள் மாற்றம் இன்ஜினுக்குத் தெரியும். காத்திருக்காமல் திருகிக்கொண்டே போனால், எந்தத் திருகலுக்கு இன்ஜின் எப்படிப் பதில் சொன்னது என்றே தெரியாது.

லீன் பக்கம் போகப் போக முதலில் ஆர்பிஎம் கொஞ்சம் கூடும், சத்தம் கூர்மையாகும். பிறகு இன்ஜின் தடுமாறும், கார்புரேட்டர் வழியாகத் தும்மும். 'ப்ஸ்க்' என்று வெளியே வரும் அந்தத் தும்மல்தான் லீன் எல்லை. ஸ்க்ரூ அப்போது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எதிர்த்திசையில், அதே எட்டில் ஒரு பங்காக, அதே காத்திருப்போடு திரும்பி வாருங்கள். ஒரு இடத்தில் ஓட்டம் மிகச் சீராக இருக்கும். அதைத் தாண்டிப் போனால் சத்தம் கனக்கும், புகை கூடும், அடிக்கடி மிஸ் ஆகி ஆர்பிஎம் இறங்கும். அது ரிச் எல்லை. அதையும் குறியுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் சீராக ஓடிய இடத்துக்கு வந்து, அங்கிருந்து எட்டில் ஒரு பங்கு ரிச் பக்கம் நகர்த்தி விட்டுவிடுங்கள். நடு மத்தியில் வைக்கத் தோன்றும், வேண்டாம். கொஞ்சம் ரிச்சாக இருந்தால் புகை கூடும், ப்ளக் சீக்கிரம் கறுக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் லீனாக இருந்தால் அவசரத்தில் த்ராட்டிலை முறுக்கும் அந்த நொடியில் தும்மி அணையும். வெள்ளத்தில் நிற்கும் படகில் அதைத் தாங்க முடியாது.

இப்போதுதான் ஐடில் ஸ்பீடு ஸ்க்ரூ. கியரில் இருக்க வேண்டிய எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு நியூட்ரலுக்கு மாற்றி, அந்த எண்ணும் கையேட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கியரில் சரியாக இருந்து நியூட்ரலில் மிக அதிகமாக ஏறினால், புரொப்பெல்லர் அந்த இன்ஜினுக்குப் பெரிதா, அதில் பாசியோ நரம்போ சுற்றியிருக்கிறதா, கியர்பாக்ஸ் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேகத்தை மாற்றினால் கலவையும் கொஞ்சம் நகரும். அதனால் திரும்பவும் ஒரு முறை பைலட் ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்து, மீண்டும் வேகம். இரண்டு மூன்று சுற்றில் அமைந்துவிடும்.

சரிபார்க்க மூன்று சோதனைகள். ஒன்று, ஐடிலில் இரண்டு நிமிடம் விட்டுவிட்டு, சட்டென்று முறுக்குங்கள். தயங்காமல் ஏற வேண்டும். தும்மினால் லீன். 'புபுபு' என்று திணறிப் பிறகு ஏறினால் ரிச். இரண்டு, கயிற்றை அவிழ்த்து வேகமாக ஓட்டி, த்ராட்டிலை இறக்கிவிட்டு, ஐடிலுக்கு வந்ததும் அணைகிறதா என்று பாருங்கள். வேகம் இறங்கிவர நேரமானால் காற்றுக் கசிவோ கேபிள் பிடிப்போ இருக்கலாம். மூன்று, ஃபார்வர்டு, நியூட்ரல், ரிவர்ஸ் என்று நிதானமாகப் பல தடவை மாற்றுங்கள்.

பலரும் விட்டுவிடும் நான்காவது ஒன்று உண்டு. ஐடிலில் வரும் புகையின் பெரும்பகுதி, தண்ணீருக்கு மேலே இருக்கும் ஒரு சின்னத் துளை வழியாகத்தான் வெளியேறும். படகில் ஒருவர் மட்டும் இருக்கும்போது அந்தத் துளை மேலே நிற்கும். மீட்பில் ஐந்தாறு பேர் ஏறி, பின்பக்கம் தாழ்ந்தால் துளை தண்ணீருக்குள் போகும். புகை வெளியேறத் திணறி ஐடில் விழும், சில நேரம் அணைந்தே போகும். அதனால் உண்மையில் எத்தனை பேரை ஏற்றுவீர்களோ அந்த எடையோடு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஆள் இல்லையென்றால் மணல் மூட்டை போதும். அப்போது மட்டும் அணைகிறது என்றால் கார்புரேட்டரை விட்டுவிட்டு, இன்ஜின் நிற்கும் உயரத்தையும் ஆட்கள் உட்காரும் இடத்தையும் சரிசெய்யுங்கள். 15 அங்குல ஷாஃப்ட் இன்ஜினை 20 அங்குலத்துக்கான பலகையில் மாட்டியிருந்தாலோ, அதற்கு எதிர்மாறாக மாட்டியிருந்தாலோ எதுவும் சரியாக நிற்காது.

ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால்

பைலட் ஸ்க்ரூவைத் தொட முடியாத இன்ஜினில் வேலை குறைவு. ஆயில் அளவும் தரமும் சரிதானா, வால்வு இடைவெளி கையேட்டுப்படி இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி இறுகிப்போனால் ஐடிலில் கம்ப்ரெஷன் கசிந்து, ஓட்டம் நடுங்கும். இதைக் குளிர்ந்த இன்ஜினில்தான் அளக்க வேண்டும். பைலட் வழியைச் சுத்தம் செய்து, சூடேற்றி, கியரில் போட்டு, ஐடில் ஸ்பீடு ஸ்க்ரூவை மட்டும் வைத்தால் முடிந்தது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஐடிலை அளவுக்கு மீறி இறக்க ஆசைப்படாதீர்கள், ஆயில் போதுமான அளவு மேலே ஏறாது.

மலைக்குக் கொண்டுபோனால்

மதுரையில் வைத்த இன்ஜினைக் கொடைக்கானல் உயரத்துக்கு, அதாவது கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே கொண்டுபோனால் காற்று மெலிந்து கலவை ரிச்சாகும், ஐடில் இறங்கும். அங்கே பைலட் ஸ்க்ரூவைக் கொஞ்சம் லீன் பக்கம் நகர்த்த வேண்டி வரும். மறக்காமல் திரும்பி வந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மலையில் வைத்த கலவையோடு இங்கே ஓட்டினால் லீனாகிவிடும். மேலே சொன்னபடி எண்ணி எழுதிவைத்திருந்தால் இது ஒரு நிமிட வேலை. வைகை அணைக்கும் மதுரைக்கும் நடுவில் இருக்கும் உயர வித்தியாசம் மிகக் குறைவு, அதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை.

எல்லாம் செய்தும் நிற்கவில்லையா

பைலட் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினாலும் இன்ஜினில் மாற்றமே இல்லை என்றால் ஐடில் வழி இன்னும் அடைத்திருக்கிறது, அல்லது த்ராட்டில் தகடு ஏற்கெனவே அதிகம் திறந்திருக்கிறது. ஸ்க்ரூவை விட்டுவிட்டுக் கார்புரேட்டருக்குத் திரும்புங்கள். தும்மல் மட்டும் தீரவில்லை என்றால் டூ-ஸ்ட்ரோக்கில் கலவை இன்ஜினுக்குள் நுழையும் வழியில் இருக்கும் ரீட் வால்வின் மெல்லிய தகடுகளில் விரிசலோ இடைவெளியோ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சிலிண்டர் இன்ஜின் ஐடிலில் மட்டும் குலுங்கினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. அதைக் கண்டுபிடிக்க ப்ளக் வயரை அப்படியே பிடுங்கிக் காற்றில் விடாதீர்கள், ஸ்பார்க்கை உண்டாக்கும் சி.டி.ஐ. யூனிட் போய்விடலாம். ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி பாடியோடு எர்த் செய்து பாருங்கள். வேகம் தானாக ஏறி இறங்கினால் கேஸ்கெட் சுற்றி ஒரு பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். உறிஞ்சப்படும் இடத்தில் கசிவு. மின்சாரப் பகுதிகளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரைக்கு வந்த பிறகு

ஐடில் சரியான கையோடு, பைலட் ஸ்க்ரூ எத்தனை சுற்று வெளியே, கியரில் எத்தனை ஆர்பிஎம், என்ன ப்ளக், என்ன ஆயில் விகிதம் என்று ஒரு அட்டையில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து இன்ஜினைத் தொடுபவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.

கண்மாய்த் தண்ணீரில் வண்டல் அதிகம். வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீர் நிறைந்த டிரம்மில், புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, 5 நிமிடம் ஓட்டி உள்வழிகளைக் கழுவுங்கள். அப்புறம் பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிடுங்கள். தானாக அணைந்ததும் ஃப்ளோட் கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து, மிச்சம் இருப்பதைத் துணியில் வடித்துவிட்டு மூடுங்கள். இன்ஜினை நிமிர்ந்தபடி நிறுத்துங்கள், உள்ளே நிற்கும் தண்ணீர் முழுக்க வடியட்டும். கேனில் மிஞ்சிய பெட்ரோலை அடுத்த ஐப்பசிவரை வைத்திருக்காமல், ஆயில் கலக்காதது என்றால் பைக்கிலேயே ஊற்றித் தீர்த்துவிடுங்கள்.